தள்ளிவிட ஐந்து பேர்

வாரநாட்களில் நான் ஏனாத்தூரில் ஒரு கல்லூரியின் ஆய்வக உதவியாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய டிராக்டரை வாங்கிச் சரிசெய்து விற்பவன். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிக்காரர்கள். விடிந்ததும் நெசவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு நீட்டுவார்கள். அதற்குள் என் வாசலில் நிற்கும் டிராக்டர் நகர்ந்தாக வேண்டும்.

கடைசியாக வாங்கிய டிராக்டர் சூடாக இருந்தால் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். ஆறிப்போனால் கிளம்பாது. அதனால் தினமும் எதிர்வீட்டுத் தறிக்காரர்கள் ஐந்து பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தள்ளுவார்கள். தள்ளிவிட ஆள் இருக்கும்போது எஞ்சினைப் பிரித்துக் கோளாறு தேட எனக்கென்ன பைத்தியமா?

ஆறு மாதமாக அது விலைபோகவில்லை. "இந்த ஞாயித்துக்கெழம இது போவலன்னா, இனிமே நம்ம வாசல்ல டிராக்டரே நிக்கக் கூடாது" என்றாள் மனைவி. அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கோ ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு சந்தோஷம் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கூரம் கிராமத்திலிருந்து ஓர் அம்மா டிராக்டரைப் பார்க்க வந்தார். சொந்த நிலத்தைத் தானே உழுபவர். அவர் வருவதற்குள் வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தேன். அவர் பெயின்டைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சுடுதுபா. ஆறட்டும்."

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மனைவி சோறு போட்டாள். ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முழுப் பூசணிக்காயை மறைக்க அந்தச் சோறு போதுமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் வண்டியில் ஏறிச் சாவியில் கை வைத்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. யாரும் கூப்பிடாமலே ஐந்து பேரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, வண்டியின் பின்பக்கம் கை வைத்து வரிசையாக நின்றார்கள்.

"கியரப் போட்டுக்கம்மா, தள்றோம்" என்றார் மூத்தவர்.

அந்த அம்மா சாவியிலிருந்து கையை எடுத்தார்.

"ஒரு தடவ திருப்பித்தான் பாருங்கம்மா" என்றேன்.

"எதுக்குபா? கூரத்துல எனக்கு இவங்க இல்லியே."

மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. ஐந்து பேரும் இன்னும் வண்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

மனைவி வாசலுக்கு வந்தாள். "இன்னிக்குக் கொஞ்சம் தூரம் தள்ளணும்ணா" என்றாள். "காயலாங்கடை வரைக்கும்."

நான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.