கீரிமலைத் தீர்த்தத்தைக் கொதிக்க வைத்த பயணம்

யாழ்ப்பாணம் போகிறவர்கள் கீரிமலைத் தீர்த்தக் கேணிக்கு வழி கேட்டு எனக்கு எழுதுகிறார்கள். வழி இருக்கட்டும், அந்தத் தண்ணீரை நான் கொதிக்க வைத்த கதையை முதலில் கேளுங்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. நான் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி, சனத்துக்கு 'மிஸி'. என் வாட்டில் படுத்திருந்துவிட்டுச் சண்டிலிப்பாய் வீட்டுக்குத் திரும்பிய மலருக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு; காலில் மண்வெட்டி பட்ட புண். மறுபடி சீழ் வைத்தால் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த வாரம் பஸ் ஓடவில்லை, கட்டு மாற்ற அவளால் வரமுடியாது. புண் பஸ்ஸுக்குக் காத்திருக்குமா? லீவு நாளில் நானே புறப்பட்டேன்.

நான் இருந்த நல்லூரிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர். காலை ஆறரைக்குச் சைக்கிளில் ஏறினேன். மானிப்பாய் தாண்டினால் புகையிலைத் தோட்டங்கள். ஆவியில் அவித்த கட்டுத்துணிகள் முன்கூடையில், மூடிய தகரப்பெட்டிக்குள் இருந்தன. தெருப் புழுதி ஒரு துளி உள்ளே போக விடவில்லை.

ஏழரைக்கு வீடு. மலரின் கணவர் கந்தையா அண்ணை பெரிய தண்ணீர்க் கானுடன் நின்றார்.

"மிஸி, கீரிமலைத் தீர்த்தம். விடியவே போய் அள்ளிக்கொண்டு வந்தனான். இதாலை புண்ணைக் கழுவுங்கோ."

"கொதிக்க வைச்சு, ஆறினாப் பிறகு கழுவுவம், அண்ணை."

"தீர்த்தத்தைக் கொதிக்க வைக்கிறதோ? சக்தி போயிடுமெல்லே!"

கேணியில் எத்தனை பேர் குளிக்கிறார்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. பெண்சாதிக்காக இருட்டில் சைக்கிள் மிதித்த மனுஷனிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"ஆலகாலத்தையே குடிச்ச சிவன், கொதிதண்ணிக்கோ பயப்பிடப் போறார்?"

மலர் சிரித்துவிட்டாள். அண்ணை அடுப்பை மூட்டினார். தண்ணீர் ஆறும்வரை, நகக்கண், விரலிடுக்கு என்று சவர்க்காரம் போட்டுக் கைகழுவ அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். கழுவாத கை புண்ணருகே வரக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். கட்டை அவிழ்த்தால், நல்லகாலம், சீழ் இல்லை; ஆறிய தீர்த்தத்தால் கழுவிப் புதுக்கட்டுப் போட்டேன்.

அடுத்த வாரம் போனபோது படலை வாசலில் சவர்க்காரத்துடன் மறித்தார் அண்ணை. "மிஸி எண்டாலும் கை கழுவிப்போட்டுத்தான் உள்ளுக்கை!"

சைக்கிளைச் சாத்திவிட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவினேன். எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், இப்படியொரு மாணவன் வாய்த்ததில்லை.

கீரிமலை போகிறவர்களுக்கு: பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. காலையில் போனால் கூட்டம் குறைவு. காலில் புண்ணிருந்தால் இறங்காதீர்கள், உங்களுக்கும் கூடாது, மற்றவர்களுக்கும் கூடாது. நோயாளியைப் பார்க்கப் போனால் பழம் வாங்காவிட்டாலும் கையைக் கழுவிவிட்டுப் போங்கள்.

மறு வருடம், புண் முழுதாக ஆறிய மலரோடு அந்தக் கேணிக்குப் போனேன். அவள் எனக்கு முன்னால் படியிறங்கினாள். இரண்டு பாதங்களும் ஈரப்படியில் பதிந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.