ரெண்டு தட்டு

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ரெண்டு தட்டு'. எதைத் திறக்கத் தெரியாமல் யார் முழித்தாலும், "ரெண்டு தட்டு தட்டுங்க, திறக்கும்" என்பார். ஒரு இடத்தில் நிற்க மாட்டார். காலில் சக்கரம் கட்டின மாதிரி மாடிக்கும் கீழுக்கும் அலைந்துகொண்டே இருப்பார். அவர் நாற்காலியில் பழைய கீபோர்டுகள்தான் உட்கார்ந்திருக்கும்.

அன்று பதினொரு மணிக்கு அவருடைய அக்காவிடமிருந்து ஃபோன். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடந்தார். கணவர் இறந்தபின் இரண்டு வருடமாக வேலை தேடிய அக்காவுக்கு, ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் இடம் கிடைத்திருந்தது. மெயிலில் வந்த லிங்க்கைத் திறந்து பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். தவறினால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும்.

"திறந்தா, 'இந்த லிங்க் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது'ன்னு வருதுடா தம்பி. நான் இப்பதான் முதல் தடவையா தொடறேன்."

"பதறாதேக்கா. ஸ்கிரீன்ல திறந்திருக்கிற ஜன்னல் எல்லாத்தையும் மூடு. மூடிட்டு மறுபடி திற."

"மூடிட்டேன்" என்றார் அக்கா. மறுபடியும் அதே பதில்தான். இவர் வேறு பிரௌசரில் திறக்கச் சொன்னார், லிங்க்கைக் காப்பி செய்து போடச் சொன்னார். ஒன்றுக்கும் மசியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் போட்டால் யாரும் எடுக்கவில்லை.

"எவனோ அவ லிங்க்கைத் திறந்துட்டான் மேடம்" என்று என் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மவுஸ் பிடிக்கிறதுலேர்ந்து நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்து கத்துக்கிட்டா. இது போச்சுன்னா இன்னொரு தடவை எழுந்திருக்க மாட்டா."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நடக்கிற நடையில் எனக்குத் தலை சுற்றியது. "சார், சும்மா நடக்காதீங்க. எனக்கு வந்த மெயில்ல இந்தப் பயிற்சி லிங்க்கைத் திறந்து கொடுங்க. எப்பப் பார்த்தாலும் ரெண்டு ரெண்டா வந்து தொலையுது" என்றேன்.

குனிந்து, டக் டக்கென்று தட்டினார். இரண்டு ஜன்னல் திறந்தது. பழக்கதோஷத்தில் முன்னால் நின்றதை மூடப் போன விரல் அப்படியே நின்றது.

"ஏன் ரெண்டு வருது?"

"ரெண்டு தட்டினா ரெண்டு வராம?" எரிச்சலில் சொன்னேனே தவிர, எனக்கு ஒன்றும் தெரியாது.

அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. அக்காவின் லிங்க் ஒரே ஒரு தடவைதான் திறக்கும். அக்காவும் இவரைப் போலவே ரெண்டு தட்டியதில், முதல் தட்டில் சரியான பக்கம் திறந்திருக்கிறது. இரண்டாவது தட்டில் வந்த ஜன்னல், 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று அதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. பின்னால் இருந்த அந்தப் பக்கத்தையும் சேர்த்து மூடச் சொன்னவர் இவரேதான்.

மணி பதினொன்று ஐம்பது. ஃபோன் போட்டார்.

"அக்கா, அப்ப மூடச் சொன்னேனே... எல்லாத்தையும் மூடிட்டியா?"

அக்கா மெதுவாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதேடா. மூடினா எல்லாம் போயிடுமோன்னு பயமா இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சின்னதாக்கிக் கீழே வெச்சிருக்கேன்."

"என் தங்கமே!" என்று ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "முதல்ல திறந்ததை மேல கொண்டா."

"இதுவா... இல்ல... ஆங், என் பேர் போட்டிருக்கு. கீழே 'சம்மதம்'னு ஒரு பட்டன்."

"அமுக்குக்கா."

"ரெண்டு தட்டுதானேடா?"

அவர், கீபோர்டுகள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஒண்ணுக்கா" என்றார். "ஒண்ணே ஒண்ணு. நான் தப்பா சொல்லிக்கொடுத்துட்டேன்."

ஃபோனில் 'டக்' என்று கேட்டது. இன்னொன்று கேட்டுவிடக் கூடாதே என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கேட்கவில்லை.

"திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்குடா" என்றார் அக்கா.