செய்முறைப் பரீட்சைக்கு வந்த பத்து நண்டுகள்

என் அப்பா வட்டை விதானையாக இருந்தவர். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே வாய்க்காலை நம்பியிருக்கும் வயல்வெளி. எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் திறப்பது என்று முறை வைப்பது விதானையின் வேலை. வேளாண்மைக் காலம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு யாராவது பூசணிக்காயோ, தயிர்ச் சட்டியோ, ஒரு சீப்பு வாழைப்பழமோ கொண்டுவந்துகொண்டே இருப்பார்கள். அப்பா எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். பிறகு முறைப்படிதான் தண்ணீர் விடுவார். பூசணிக்காய் தந்தவருக்கு அரை மணி நேரம்கூட அதிகம் கிடைக்காது.

"அப்ப எதுக்கு வாங்குறீங்க?" என்று அம்மா கேட்டால், "வந்து முகத்தக் காட்டினவன்ட வயலுக்குத் தண்ணி விடக்குள்ள மனசுக்கு ஒரு சந்தோசம் புள்ள. அவனுக்கும் ஒரு நிம்மதி" என்பார்.

உலகம் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது என்பது அவருடைய உறுதியான எண்ணம். ஆகவே நான் டொக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று முடிவானதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அதுக்கு ஆரைப் பாக்கணும்?"

அறுபதுகளின் தொடக்கம் அது. பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சை எழுத வேண்டும். புள்ளிகளை வரிசைப்படுத்தி, மேலே நிற்பவர்களை மருத்துவத்துக்கும், அடுத்து நிற்பவர்களைப் பல் வைத்தியத்துக்கும், அதற்கடுத்தவர்களை மிருக வைத்தியத்துக்கும் எடுப்பார்கள். நான் பட்டணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வாவியைத் தோணியில் கடந்து வந்து, எங்கள் தலைமையாசிரியையிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

"ஒருத்தரையும் பாக்கத் தேவையில்ல. புள்ளிதான்" என்றார் அவர்.

வெளியே வந்ததும் அப்பா என் காதில், "தெரிஞ்சி வெச்சிக்கிட்டு மறைக்கிறா" என்றார்.

எழுத்துப் பரீட்சை முடிந்தது. விலங்கியல் செய்முறைப் பரீட்சைக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். துணைக்கு அப்பா வருவதாகச் சொன்னபோது நான் சந்தோசப்பட்டேன். புறப்படுகிற அன்று விடியக்காலையில், பெரியகல்லாற்றில் மீன்பிடிக்கும் அவருடைய மச்சான் ஒரு பனையோலைக் கடகத்தை இறக்கிவிட்டுப் போனதைப் பார்த்த பிறகு அந்தச் சந்தோசம் கொஞ்சம் குறைந்தது. கடகத்துக்குள் பத்து வாவி நண்டுகள். ஒவ்வொன்றும் என் இரண்டு கையையும் விரித்து வைத்த அளவு.

"இது ஆருக்கு?"

"பெரியவருக்கு."

"எந்தப் பெரியவர் அப்பா?"

"அத அங்க போய்ப் பாப்பம்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் உட்கார்ந்து, தன்னுடைய பழைய சிவப்புச் சீலையைக் கிழித்துப் பத்து நண்டுக்கும் கால்களை வரிந்து கட்டினாள். கயிற்றால் கட்டினால் வழியில் கழன்றுவிடும் என்பது அவள் கட்சி. நண்டு கொடுப்பது தவறு என்று நினைத்தாள்தான்; ஆனால் கொடுப்பதை ஒழுங்காகக் கட்டாமல் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு என்று நினைத்தாள்.

பகல் ரயிலில் போனோம். அப்பா ஒவ்வொரு ஸ்டேசனிலும் இறங்கி, குழாயில் தண்ணீர் பிடித்துவந்து கடகத்தின் மேல் போட்டிருந்த சாக்கை நனைத்தார். எனக்கு ஒரு முறைகூடத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. எங்கள் பெட்டியில் ஏறியவர்கள் எல்லாரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார்கள். அதனால் கால் நீட்டிப் படிக்க இடம் கிடைத்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை பரீட்சைக் கட்டடத்து வாசலில் அப்பாவிடம் கெஞ்சினேன். "அப்பா, ஒருத்தரோடயும் கதைக்காதீங்க. இந்த மரத்துக்குக் கீழ இருங்க. நண்ட மறைச்சி வையுங்க."

"நீ உன்ர வேலையப் பாரு. நான் என்ர வேலையப் பாக்கிறன்" என்றார்.

நான் உள்ளே போன பிறகு நடந்ததை அப்பா பலமுறை பலருக்குச் சொல்லியிருக்கிறார்.

கட்டடத்தின் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒரு மனிதர் வந்தார். வெள்ளைக் கோட்டு. இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. சாவி வைத்திருப்பவர்தான் பெரியவர் என்பது அப்பாவுக்கு வாய்க்கால் மதகு சொல்லித்தந்த பாடம். கடகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உண்மையில் அந்த மனிதர் ஆய்வுகூட உதவியாளர். கண்ணாடிச் சாடிகளைக் கழுவி அடுக்குபவர். அவர் சிங்களவர், அரைகுறைத் தமிழ் தெரியும். அப்பாவுக்கு அந்த அளவு சிங்களமும் தெரியாது.

"மட்டக்களப்பு" என்றார் அப்பா, நெஞ்சைத் தொட்டு. "நண்டு" என்றார், கடகத்தைத் தொட்டு.

உதவியாளர் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். "சோதினைக்கா?"

"ஓம் ஓம். சோதினைக்குத்தான்!"

"எத்தினை?"

"பத்து. எல்லாம் உசிரோட."

உதவியாளருக்கு மிகுந்த மகிழ்ச்சி. பரீட்சைக்கு வந்துசேரும் பிராணிகள் பெரும்பாலும் அரை உயிராகத்தான் வருமாம். இப்படித் துணி கட்டி, ஈரச் சாக்குப் போட்டு, மரியாதையாக யாரும் கொண்டுவந்ததில்லை. அவர் உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்துவந்து, ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. இவ்வளவு நேர்மையான ஊரா இது என்று பிரமித்துப்போய், அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் வந்து உட்கார்ந்தார். அவரைப் பொறுத்தவரை நான் அப்போதே டொக்டர்.

மண்டபத்துக்குள் நான் ஒரு தவளையை வெட்டி முடித்திருந்தேன். அடுத்தது இனங்காணல். நீள மேசையில் பன்னிரண்டு மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எண். மணி அடிக்கும்போதெல்லாம் அடுத்த மாதிரிக்கு நகர்ந்து, அது என்ன, எந்த வகுப்பு, அடையாளம் என்ன என்று எழுத வேண்டும். எலும்பு, சிப்பி, சாடிக்குள் ஒரு புழு என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பன்னிரண்டாவதுக்கு அப்பால், மேசையின் கடைசியில், எண் இல்லாத ஒரு பெரிய வெள்ளைத் தட்டம் இருந்தது. எனக்கு முன்னால் போன கொழும்புப் பெண் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, திரும்பி என்னிடம் இரகசியமாக, "அந்தச் சிவப்பும் கேள்வியில் சேர்த்தியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் சீலை.

"தெரியாது" என்றேன்.

அவள் விறுவிறு என்று எழுதினாள். இடுக்கியில் சிவப்பு வளையம் உண்டு என்றும் எழுதினாள். மணி அடித்தது. நான் தட்டத்தின் முன்னால் நின்றேன். பத்து நண்டுகளும் கண்களை நீட்டி என்னைப் பார்த்தன. மாதிரியை இனங்காண்க என்பது கேள்வி. இனங்காண்பதில் எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. எழுதாமல் விட்டால் புள்ளி போய்விடுமோ என்று பயம். எழுதினால் நானே குற்றத்தை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடுமோ என்று அதைவிடப் பயம். கடைசியில் கணம், வரிசை, குடும்பம் எல்லாம் எழுதினேன். பெரியகல்லாறு என்று மட்டும் எழுதவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு நண்டு கட்டைக் கழற்றிக்கொண்டு, தட்டத்தின் விளிம்பில் ஏறி, டொப்பென்று நிலத்தில் விழுந்தது. மண்டபத்தின் கோடியில் பரீட்சகர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், நல்ல பருமன், சாம்பல் நிறக் காற்சட்டை. இவ்வளவு பெரிய மண்டபத்தில் நண்டு வேறு எங்கும் போகாமல் நேரே அவரிடம் போனது. பக்கவாட்டில் நடக்கிற பிராணி அவ்வளவு நேராகப் போய் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவர் கதிரைமேல் ஏறியபோது நண்டும் கூடவே ஏறியது, காற்சட்டை மடிப்பில் தொங்கிக்கொண்டு. உதவியாளர் விளக்குமாற்றோடு ஓடிவந்தார். கொழும்புப் பெண் வீரிட்டாள். பரீட்சகர் குனிந்து நண்டை இழுக்கப் போனார்.

"இழுக்காதீங்க சேர்!" என்று நான் தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, இழுத்தால் இன்னும் இறுக்கும், தண்ணீருக்குள் வைத்தால் தானாக விடும் என்றேன்.

தண்ணீர் என்று அங்கே இருந்தது நாங்கள் தவளை கழுவிய தொட்டி மட்டும்தான். பரீட்சகர் ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு சப்பாத்தோடு காலை அதற்குள் வைத்தார். நாங்கள் எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டு, நாட்டிலேயே பெரிய விலங்கியல் அறிஞர்களில் ஒருவர் ஒற்றைக் காலைத் தவளைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தோம். சற்று நேரத்தில் நண்டு பிடியை விட்டது. நான் பின்பக்கமாக ஓட்டைப் பிடித்துத் தூக்கினேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆணா, பெண்ணா?" என்றார்.

"ஆண், சேர்." திருப்பி, வயிற்றிலுள்ள ஒடுங்கிய மடலைக் காட்டினேன்.

"நீ எந்த ஊர்..." என்று தொடங்கியவர், சட்டென்று கையை உயர்த்தினார். "வேண்டாம். சொல்லாதே. எனக்குத் தெரியக்கூடாது. இதற்கெல்லாம் புள்ளியும் கிடையாது."

பிறகு, எண் இல்லாத தட்டம் கேள்வி அல்ல, எழுதியவர்கள் வெட்டிவிடலாம் என்று அறிவித்தார். அன்றைய தினம் நான் மிக நன்றாக எழுதிய விடை அதுதான். கோடு போட்டு வெட்டினேன்.

வெளியே வந்தபோது மரத்தடியில் அப்பாவும் உதவியாளரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னைக் கண்டதும் எழுந்து, "புள்ள, இஞ்ச வா! இவர்தான் பெரியவர். கும்பிடு!" என்றார்.

"அப்பா, இவர் சாடி கழுவுற ஐயா."

அப்பா நம்பவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். "அப்ப இது என்ன?"

வாசித்தேன். உயிருள்ள நண்டுகள் பத்து, விலங்கியல் ஆய்வுகூடத்துக்காகப் பெற்றுக்கொள்ளப்பட்டன என்று இருந்தது.

நான் தயங்கித் தயங்கி விசயத்தைச் சொன்னதும் உதவியாளருக்கும் எல்லாம் விளங்கியது. முதலில் வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். பிறகு அப்பாவின் தோளைத் தொட்டுப் பொறுமையாகச் சொன்னார். "ஐயா, பேப்பர்ல பேர் இல்லை. நம்பர் மட்டும். திருத்துற ஆளுக்கு ஆர் மகள், தெரியாது."

"பேரே இல்லாட்டி நம்மட புள்ளையெண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. அதுதான்."

அப்பா என் கையிலிருந்த தாளை வாங்கி அவரிடம் நீட்டினார். "அப்ப நண்டத் தாங்க" என்றார்.

"முடியாது ஐயா. துண்டு எழுதிக் குடுத்தது. இப்ப அரசாங்க நண்டு."

"அரசாங்கம் கறி வெக்குமா?"

"இல்லை. போத்தல்ல, மருந்துத் தண்ணில போடுறது."

பிடிபட்டுவிடுவோம், என் பரீட்சையையே தள்ளிவிடுவார்கள் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் கண் கலங்கியது அதற்காக அல்ல. "நல்ல சதை நண்டு மகள்" என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டு வந்தார்.

திரும்பும் ரயிலிலும் மாகோ ஸ்டேசன் வரும்வரை நண்டுக் கதைதான். பிறகு கேட்டார், "நம்பர மட்டும் பாத்துத்தான் எடுக்கிறானுகள் எண்டா, நீ நல்லாச் செய்யல்லயெண்டா நான் ஒண்டும் செய்ய ஏலாதே?"

"ஏலாது அப்பா."

"கொஞ்சம் பயமாத்தான் இரிக்கு" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அதே பயம்தான். ஆனால் அவர் பிடித்த பிறகு அது இரண்டு பேருக்கும் பாதியானது போல் இருந்தது.

சில மாதங்களில் கடிதம் வந்தது. மருத்துவத்துக்குக் கொஞ்சம் புள்ளி குறைந்துவிட்டது. பல் வைத்தியம், பேராதனை.

"பல்லுக்கு மட்டும் நாலு வருசமா?" என்றாள் அம்மா.

"முப்பத்திரண்டு இரிக்கே அம்மா."

அவள் விரல்விட்டுக் கணக்குப் பார்த்து, வருசத்துக்கு எட்டுப் பல் என்றால் நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டாள்.

அப்பா வட்டை முழுவதும் போய்ச் சொன்னார். எந்தப் பெரியவரைப் பிடித்தீர்கள் என்று கேட்டவர்களிடம் நெஞ்சை நிமிர்த்தி, "ஒருத்தரையும் பிடிக்க ஏலாது. பேர் இல்ல, நம்பர் மட்டும். நான் கொழும்புக்கே போய்ப் பிடிச்சுப் பாத்துட்டுத்தானே சொல்றன்" என்றார்.

நான் பேராதனைக்குப் புறப்பட இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்குள் முதல் நோயாளி வந்துவிட்டார். பக்கத்து வளவுப் போடியார், நிறைய வயல் வைத்திருப்பவர், எழுபது வயதுக்கு மேல். வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டார். நான் வெட்டிப் பழகியதெல்லாம் தவளையும் கரப்பானும். தவளையின் பல்லைப் பற்றி வேண்டுமானால் சொல்லியிருப்பேன். அப்பா டோர்ச் லைட்டைப் பிடிக்க, எட்டிப் பார்த்தேன். மொத்தம் மூன்று பற்கள் இருந்தன.

"எந்தப் பல்லு நோகுது?"

"அது விழுந்து போச்சு புள்ள. அது இருந்த இடம்தான் நோகுது."

இதற்குப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன். படித்துவிட்டு வந்து சரியாகப் பார்க்கிறேன் என்றேன்.

"எத்தினை வருசம்?"

"நாலு."

அவர் மூன்று பல்லையும் நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "போய்ப் படிச்சிட்டு வா. நான் வெச்சிரிக்கன்" என்றார்.

நான் படித்து முடித்து வந்தபோது இரண்டு இருந்தன.