உப்பைத் தின்னாத பாக்டீரியா

கோபத்தோடு எழுதக்கூடாது என்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வந்த கோபம் இது. ஆறப்போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. எழுதிவிடுகிறேன்.

என் மனைவியின் தங்கை சுமதி. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித்தருகிறாள். அவளுடைய ஆராய்ச்சி உமரிச் செடியில். வேதாரண்யம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள் – கடலோரச் சேற்றில், உப்புப் பூத்த தரையில், புல்கூட முளைக்காத இடத்தில் தண்டு தடித்து ஜம்மென்று நிற்கும். அது மட்டும் எப்படிப் பிழைக்கிறது? செடியின் சாமர்த்தியம் பாதி. வேரோடு ஒட்டி வாழும் பாக்டீரியாக்களின் தயவு மீதி. சில பாக்டீரியாக்கள் வேரைச் சுற்றிப் பிசின் மாதிரி ஓர் உறை கட்டி, உப்பைக் கொஞ்சம் தடுத்து நிறுத்துகின்றனவாம். அவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்து, நம் ஊர் மக்காச்சோளத்தின் வேரில் குடிவைத்தால் என்ன? இதுதான் சுமதியின் கேள்வி.

கடலே இல்லாத கொங்கு நாட்டில் உப்பு ஏது என்கிறீர்களா? எங்கள் கிணறுகளை வந்து எட்டிப்பாருங்கள்.

பல்லடத்துக்குக் கிழக்கே பழனிச்சாமி என்பவரின் தோட்டம். பக்கத்தில் ஒரு சாயப்பட்டறை. அதன் கழிவு ஓடையில் இறங்க ஆரம்பித்த பிறகு, அவர் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. தென்னை குரும்பை உதிர்த்தது. மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை உதறியது. அவரும் அக்கம்பக்கத்து விவசாயிகளும் சேர்ந்து பட்டறை மேல் புகார் கொடுத்தார்கள். விசாரணை இழுத்துக்கொண்டிருக்கிறது... சுமதி சோதனைக்கு இடம் தேடியபோது வயலில் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தவரும் இவர்தான்.

"எப்படியும் கருகற காடுதானுங்க அம்மணி. நீங்க வெச்சுப் பாருங்க" என்றாராம்.

முதல் போகத்தில் பாக்டீரியா கலந்து விதைத்த வரிசைகள் பச்சையாக நின்றன. மற்றவை வாடின. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் படத்தோடு செய்தி வந்தது. அடுத்த போகத்தில் தண்ணீரில் உப்பு இன்னும் ஏறியது. எல்லா வரிசையும் ஒன்றுபோலக் கருகியது. அதை எந்தப் பத்திரிகையும் கேட்கவில்லை.

அந்தப் பத்திரிகைச் செய்தியைப் படித்த சாயப்பட்டறை முதலாளிதான் ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் சுமதிக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். பேனரில் சுமதியின் போட்டோ. "விவசாயிகள் நிறையப் பேர் வர்றாங்க மாமா. ரெண்டாவது போகம் போனதையும் அங்க சொல்லிப்போடலாம்" என்று என்னையும் அழைத்துப் போனாள்.

முதலாளி கைகூப்பியபடி மைக் முன்னால் வந்தார்.

"ஏனுங்க, நாமெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுங்க. தண்ணி உப்பாயிருச்சுன்னு வருத்தப்பட்டீங்க. இப்ப நம்ம அம்மணி கடலோரத்துல இருந்து பாக்டீரியாவே கொண்டாந்துருக்குதுங்க. ஆளுக்கொரு பாட்டில் நானே தாரனுங்க. அந்தப் புகாரை மட்டும் வாபஸ் வாங்கிப்போடுங்க."

எங்கள் ஊர் மரியாதைக்குப் பெயர் போனது. வயிற்றில் அடிப்பதைக்கூட 'ங்க' போட்டுத்தான் அடிப்பார்கள்.

சுமதியின் முகம் சிவந்துவிட்டது. நேராகப் போய் மைக்கைப் பிடித்தாள்.

"பாக்டீரியா உப்பைத் தின்னாதுங்க. வேருக்குக் கொஞ்சம் தாங்கற தெம்பு குடுக்கும், அவ்வளவுதான். உப்பு மண்ணுலயேதான் கெடக்கும். போன போகத்துல பழனிச்சாமி அண்ணன் தோட்டத்துல எல்லாமே கருகிப்போச்சு. ஓடையில கழிவு இறங்கற வரைக்கும் எந்த பாட்டிலும் உங்க கிணத்தைக் காப்பாத்தாது. இதைக் காட்டிப் புகாரை வாபஸ் வாங்கச் சொன்னா..."

மைக் செத்தது. தானாகச் சாகவில்லை. ஒயரைப் பிடுங்கிய ஆளை நான் பார்த்தேன்.

பின்வரிசையில் பழனிச்சாமி எழுந்து நின்றார். "அம்மணி சொல்லி முடிக்கட்டுங்க" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. மண்டபம் அடங்கியது. சுமதி தொண்டை கட்டும் வரை சொல்லி முடித்தாள். பந்தியில் இலை போட்டிருந்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் கை நனைக்காமலேயே கிளம்பிவிட்டார்கள். புகாரை யாரும் வாபஸ் வாங்கவில்லை.

வாசலில் முதலாளி சுமதியிடம் வந்தார். அதே கைகூப்பல். "நல்லாப் பேசுனீங்க. உங்க கரஸ்பாண்டென்ட் நமக்கு ரொம்ப வேண்டியவருங்க."

மறுநாள் கல்லூரியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டால் ஆராய்ச்சி தொடரலாம். இல்லையென்றால் லேப் சாவியைக் கொடுத்துவிட்டு வகுப்பு மட்டும் எடுக்கலாம். சாவியைக் கொடுத்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. "இத்தனை வருஷம் வளர்த்ததெல்லாம் செத்துப்போயிருமே அம்மணி" என்றேன்.

"உமரி அங்கேயேதான் நிக்குது மாமா. மறுபடியும் போய் எடுத்துக்கலாம். பழனிச்சாமி அண்ணன் கிணத்தை எங்க போய் எடுக்கறது?"

சொல்லிவிட்டு எழுந்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெருமைப்படுவதா, யாரையாவது போய் அறைவதா என்று தெரியாமல் நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கழிவைக் கொட்டுகிறவன் நிறுத்த மாட்டான். மண் பழகிக்கொள்ள வேண்டும், பயிர் பழகிக்கொள்ள வேண்டும், மாடு பழகிக்கொள்ள வேண்டும். கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஒரு பாக்டீரியா வந்து இவர்களுடைய பாவத்தைச் சுமக்க வேண்டும். இதற்குப் பெயர் விஞ்ஞானமா?

நேற்று அதிகாரிகள் வந்து பழனிச்சாமியின் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு என்ன வருகிறது, யார் கைக்குப் போய் வருகிறது... பார்ப்போம்.

அந்த முதலாளி வீட்டில் குடிப்பது, சமைப்பது எல்லாமே கேன் தண்ணீராம். விசாரித்துவிட்டேன்.