மந்தணம் ஆகிப்போன கல்யாணப் பத்திரிகை

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கணக்குப் பிரிவு வேல்ச்சாமியின் மகளுக்கு மறுநாள் எப்போதும்வென்றான் கிராமத்தில் கல்யாணம். மொத்த ஆபீஸும் ஏறியது – டைப்பிஸ்ட் அம்மா, டபேதார், வாட்ச்மேன் வரைக்கும். என்னை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

நான் கோவில்பட்டிக்கு வந்து நாலு வருஷம். குடும்பம் கும்பகோணத்தில். இங்கே ஒற்றை அறை, ஒரு ஸ்டவ். வேலை, ரகசியக் காகிதங்களைக் கையாளும் மந்தணப் பிரிவில். அதாவது யார் மேல் புகார், யாருக்கு விசாரணை... எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். (எதையும் சொல்லிவிட மாட்டேன், பயப்படாதீர்கள்!)

இந்தப் பிரிவுக்கு ஒரு கறாரான விதி உண்டு. 'மந்தணம்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டிய உறைக்குள் போகிற எந்தக் காகிதமும் மந்தணம்தான், வெற்றுத் தாளாக இருந்தாலும். ஒட்டியவனே நினைத்தாலும் சீட்டை எடுக்க முடியாது. மேலதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் நீங்கும்.

விதி காகிதத்துக்குத்தானே? ஆனால் நான் டீக்கடைக்குள் நுழைந்தாலே நம் ஆட்களின் பேச்சு நின்றுவிடுகிறது. அப்புறம் மழையைப் பற்றிப் பேசுவார்கள். இந்தக் கரிசல் காட்டில், கோடையில், மழையாம்!

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அறையில்தான் கிடந்தேன். ரசம் வைத்தேன், பாதியைக் கொட்டினேன். வேல்ச்சாமிக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்? யோசிக்க யோசிக்க அழுகையே வந்துவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்?

திங்கட்கிழமை பார்த்தால் வேல்ச்சாமி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் எனக்கல்லவா வர வேண்டும்?

மத்தியானம், முகாமுக்குப் போயிருந்த அதிகாரியிடமிருந்து, போன வாரம் அனுப்பிய மந்தண உறை திரும்பி வந்தது. பிரித்தேன். புகார்த் தாள்களுக்கு நடுவே மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை – மேலே என் பெயர்!

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. போன வாரம் நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வேல்ச்சாமி அதை என் மேசையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். டபேதார் அங்கிருந்த தாள்களோடு அதையும் உறையில் போட்டு, சீல் வைத்து அனுப்பிவிட்டார்.

வெற்றிலை பாக்கோடு கையில் கொடுப்பதுதானே வழக்கம், ஏன் வைத்துவிட்டுப் போனீர்கள் என்று வேல்ச்சாமியிடம் கேட்டேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க மேசைகிட்ட வந்து நின்னா, எவனப் பத்தியோ சொல்லிக் குடுக்கேன்னு நெனைப்பாவ அண்ணாச்சி. ஆனா பந்தியில உங்களுக்குன்னு ஒரு எலை போட்டு வச்சிருந்தேன்."

ஒரு பொட்டலம் கடம்பூர் போளியை மேசையில் வைத்தார். விறுவிறுவென்று தன் இடத்துக்குப் போய்விட்டார்.

பத்திரிகையின் ஓரத்தில் அதிகாரி பச்சை மையில் எழுதியிருந்தார் – 'மந்தணம் நீக்கப்பட்டது.' கையெழுத்து, தேதி எல்லாம் கச்சிதம்.

பத்திரிகைக்குச் சரி... எனக்கு யார் கையெழுத்துப் போடுவது?