பீமனின் இடுப்பு எக்ஸ்ரே

எங்கள் லேப்ரடார் பீமன் உப்பள வரப்பில் ஓடும்போது, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி துள்ளுவான். அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதே எனக்கு வேலை.

இடையஞ்சாவடியில் பெண் லேப்ரடார் வளர்க்கும் செல்வி அக்கா, ஜோடி சேர்க்கலாமா என்று கேட்டார். "ஆனா முதல்ல இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துடலாம்மா. எங்க லில்லிக்கு எடுத்தாச்சு" என்றார். என் பிள்ளைக்கு என்ன குறை என்று சுருக்கென்றது. இருந்தாலும் அக்காவையும் கூட்டிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன்.

மயக்க ஊசி போட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து எடுத்தார்கள். டாக்டர் படத்தைக் காட்டினார். "தொடை எலும்போட உருண்டை, இடுப்புக் குழியில சரியா உக்காரலம்மா. குட்டிங்களுக்கும் வரலாம், ஜோடி சேர்க்க வேணாம். வலிக்கிறதாலதான் ரெண்டு காலையும் சேர்த்துத் துள்றான்."

அந்த வீடியோக்களில் கேட்கும் என் சிரிப்பு ஞாபகம் வந்தது.

மயக்கம் தெளியாத பீமனின் தலையை அக்கா மடியில் வைத்துக்கொண்டார். "கல்யாணம் நின்னா என்ன? லில்லியைக் கூட்டிட்டு வர்றேன். ரெண்டும் மெதுவா நடக்கட்டும்" என்றார்.

இப்போதும் சில நேரம் வரப்பில் அவன் துள்ள ஆரம்பிப்பான். நான் மொபைலை எடுப்பதில்லை, நின்றுவிடுகிறேன். அவனும் நின்று, தன் கனத்தையெல்லாம் என் காலில் சாய்த்துக்கொள்கிறான்.