முந்திரிச் சாற்றின் நீல ஒளி

என் தமக்கையின் இறுதி ஆண்டைக் குறித்து எழுதுகையில், மருத்துவமனைத் தாள்களில் உள்ளதையும் நான் நேரில் கண்டு கேட்டதையும் மட்டுமே தருகிறேன். ஒருமுறை சரிபாராமல் ஒன்றை நம்பினேன். அதன் விளைவே இந்தக் கட்டுப்பாடு.

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என மார்கழியில் உறுதியாயிற்று. தை இறுதியில் அறுவைக்கு நாள் குறித்தனர். பொங்கல் விடுப்பில், தஞ்சாவூரில் ஆய்வு மாணவியாக இருக்கும் என் மகள் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியுடன் வந்தாள். கந்தர்வக்கோட்டையில் அக்காவின் தோப்பில் முந்தைய கோடையில் பறித்த முந்திரிப்பழச் சாற்றை, மூடிய எஃகுக் கலத்தில் பல மணி நேரம் சூடாக்கி வடித்தெடுத்த நுண்கரித்துகள்கள் அதில் மிதந்தன. சன்னல்களை அடைத்துப் புறஊதா விளக்கைக் காட்டினாள். பழுப்பு நீர் நீலமாக ஒளிர்ந்தது.

"நம்ம கொல்லைப் பழமா ஆத்தா இது?" என்றார் அக்கா.

"ஆமா அத்தை. புத்துநோய் அணுவுக்குள்ள போயி இப்படித்தான் மின்னுது. மருந்த இதுல ஏத்திவிட்டா அந்த அணு செத்துப்போகுது."

"எங்கிட்டு ஒளிஞ்சிருந்தாலும் காட்டிக் குடுத்துருமா! ஒங்கப்பனவிட கெட்டிக்காரத் தூளுதான். குதிருக்குள்ள நான் ஒளிஞ்சா, அவன் அந்தி வரைக்கும் தேடிட்டு அழுவான்."

மூவரும் சிரித்தோம். ஆய்வகத் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் மட்டுமே கண்டது அது. எலிக்குக்கூட இன்னும் செலுத்தவில்லை. இதை மகள் என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். அக்காவிடம் இருவருமே சொல்லவில்லை. மகளைப் பற்றிய பெருமிதத்தில், அந்த ஒரு வாக்கியம் அன்று எனக்குத் தேவையற்றதாகப் பட்டது.

அறுவைக்கு முன்தினம் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"தேதியத் தள்ளி வச்சுட்டாங்க தம்பி. நீ லீவு போட வேணாம்."

மாணவர் காட்டும் ஒவ்வொரு மேற்கோளையும் மூலநூலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நான், மருத்துவமனையிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

சித்திரையில், பேருந்து நடத்துநரிடம் கொடுத்தனுப்பிய ஒரு பை மகளுக்கு வந்தது. உள்ளே அவ்வாண்டின் முதற் பழங்கள், கொட்டை திருகி, வாழையிலையில் பொதியப்பட்டு.

"அப்பா, 'எனக்குன்னு தனியாக் காய்ச்சு, ஊசிக்கு என்னைக்கு வரட்டும்'னு அத்தை கேக்குறாங்க. நான் என்னப்பா சொல்ல?"

அன்றே அக்காவிடம் போனேன். அறுவை நாளைத் தள்ளியது மருத்துவமனை அல்ல, அக்காவேதான்.

"பழம் வர மூணு மாசந்தானே தம்பி. அதுக்குள்ள எதுக்குக் கத்தின்னு இருந்துட்டேன்."

நோய் நுரையீரலுக்குப் பரவியிருப்பதை ஸ்கேன் காட்டியது. அறுவையால் இனிப் பயனில்லை என்று தாளில் எழுதினர். ஐப்பசியில் அக்கா இறந்தார். அப்பழங்களின் சாறு ஆய்வகக் குளிர்பெட்டியில் உறைந்து கிடக்கிறது. மகள் அதைத் தொடுவதில்லை.

அந்தத் துகள் என்றேனும் மனிதருக்கு மருந்தாகுமா என்பது தெரியாது. தை மாதத்திலேயே நோய் நுரையீரலை எட்டியிருந்ததா என்பதும் தெரியாது. அதைக் காட்டியிருக்கக்கூடிய பரிசோதனை, அக்கா போகாத அந்த நாளுக்கென வைக்கப்பட்டிருந்தது.